இழுக்கிற கருவி ஒன்றுதான்

"ஒரு ஒயரை உருவுறதுக்கு இத்தனை சாமானா தம்பி?"

டிராலியிலிருந்து ஆபரேஷன் மேசைக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் கேட்டார். மயக்க மருந்து கொடுக்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. தலையைத் திருப்பியவர் கண்ணில் நான் அடுக்கி வைத்திருந்த கருவி மேசை பட்டுவிட்டது. வழக்கமாக நோயாளி உள்ளே வருவதற்குள் மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவேன். அன்று மறந்துவிட்டேன்.

"எல்லாத்தையும் எடுக்க மாட்டோம் ஐயா. பாதி சும்மா பக்கத்துல இருக்கும், அவ்வளவுதான்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது.

கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் அறையில், மேசை அடுக்குவது என் வேலை. பேஸ்மேக்கர் வைக்கும் நாளில் ஒரு சின்ன மேசை போதும். வைத்ததை எடுக்கும் நாளில் இரண்டு பெரிய மேசை, ஓரமாக ஒரு லேசர் இயந்திரம், கதவருகே தயாராக இதய அறுவை சிகிச்சைக் குழு. வைக்க ஒரு மணி நேரம் ஆகிற பொருளை எடுக்க அரை நாளை ஒதுக்கி வைக்கிறோம். ஏன் என்று அவருக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம், நேரம் இல்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

பேஸ்மேக்கர் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கும் பெட்டி. பெட்டியால் எங்களுக்குத் தொல்லை இல்லை. தோலைக் கீறினால் கையில் வந்துவிடும். தொல்லை எல்லாம் அதிலிருந்து புறப்பட்டு, சிரைக்குள் புகுந்து, நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்தின் உட்சுவரில் நுனியைப் பதித்துக் கிடக்கும் ஒயரால்தான். நாங்கள் லீட் என்போம். 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். உள்ளே சுருள் சுருளாக உலோகக் கம்பி, மேலே சிலிக்கானிலோ பாலியூரித்தேனிலோ ஓர் உறை. நுனியில் ஒரு குட்டித் திருகு இருக்கும், இல்லையென்றால் சதை மடிப்பில் மாட்டிக்கொள்ள மெல்லிய கொக்கிகள் இருக்கும். புது லீடைப் பொட்டலம் பிரித்து விரலில் சுற்றினால் சொன்னபடி சுற்றிக்கொள்ளும். அவ்வளவு சாது.

பெட்டியின் பேட்டரி பத்து வருடம் போல ஓடும். தீர்ந்ததும் பெட்டியை மட்டும் கழற்றிப் புதிதை மாட்டுவோம், ஒயர் அப்படியே இருக்கும். உடலுக்குள் முழுதாகப் பொருத்திய முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8-ம் தேதி ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அந்த முதல் பெட்டி சில மணி நேரத்தில் நின்றுபோனது. அந்த மனிதர் நிற்கவில்லை. வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர் மாற்றிக்கொண்டு, பொருத்திய மருத்துவர் சென்னிங்கையும் செய்து கொடுத்த பொறியாளர் எல்ம்க்விஸ்டையும் தாண்டி வாழ்ந்து, 2001-ல் 86 வயதில் இறந்தார். அவருக்கு முதலில் நெஞ்சைத் திறந்து இதயத்தின் வெளிப்புறத்தில்தான் ஒயரைத் தைத்தார்கள். அதே 1958-ல் நியூயார்க்கில் சீமோர் ஃபர்மன் சிரை வழியாக ஒயரை இதயத்துக்குள் இறக்கிக் காட்டினார். நெஞ்சைத் திறக்கத் தேவையில்லாமல் போனது பெரிய விஷயம். ஆனால் உள்ளே இறங்கிய ஒயர் ஒருநாள் வெளியே வரவேண்டியிருக்குமே என்ற கவலை அப்போது யாருக்கும் முதல் கவலையாக இருந்திருக்காது.

சரி, அந்தச் சாதுவான ஒயர் உள்ளே போய் என்ன ஆகிறது?

உடம்புக்கு அது வேற்றுப் பொருள். விரட்ட முடியாததால் போர்த்தி மூடப் பார்க்கும். முதலில் மெல்லிய ரத்தக்கட்டு படியும். பிறகு அதன்மேல் நார்த்திசு வளரும். வருடம் ஏற ஏற அந்த நார் தடித்து, ஒயரைச் சுற்றி ஒரு குழாய் போல மூடிவிடும். சிலருக்கு அதில் சுண்ணாம்பும் படிந்து எலும்பு மாதிரி ஆகிவிடும். இளம் வயதில் பொருத்திக்கொண்டவர்களுக்கு இது அதிகம். ஒயர் முழுக்க ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. எங்கே சிரைச் சுவரையோ இதயச் சுவரையோ தொட்டுக்கொண்டு கிடக்கிறதோ அங்கேதான் உடும்புப்பிடி. காரை எலும்புக்கு அடியில் ஓர் இடம், இதயத்தில் இறங்கும் மேற்பெருஞ்சிரையில் ஓர் இடம், இதயத்துக்குள் மூவிதழ் வால்வு அருகே ஓர் இடம், கடைசியில் நுனி. இரண்டு மூன்று ஒயர்கள் இருந்தால் ஒன்றோடொன்றும் பின்னிக்கொள்ளும். பொருத்தி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் கையாலேயே இழுத்து எடுத்துவிடலாம். அதைத் தாண்டினால் அது வேறு வேலை, அதற்கு வேறு பெயர்.

ஒட்டியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். நியாயமான கேள்விதான், பல நேரம் அப்படியே விட்டும் விடுகிறோம். பழுதான ஒயரின் முனையை மூடி உள்ளேயே வைத்துவிட்டுப் பக்கத்தில் புதிதை இறக்குவது உண்டு. எடுப்பதில் உள்ள ஆபத்து விடுவதில் உள்ள ஆபத்தைவிடப் பெரிது என்றால் விடுவதுதான் வைத்தியம். 1990-களில் அக்யூஃபிக்ஸ் என்றொரு லீடில், உள்ளே வளைவுக்காக வைத்திருந்த சின்னக் கம்பி உடைந்து வெளியே குத்துகிறது என்று தெரிந்து, 1994-ல் திரும்பப் பெற்றார்கள். பயந்துபோய் நிறையப் பேருக்கு எடுத்தார்கள். அப்புறம் கணக்குப் பார்த்தால், பலருக்குக் கம்பியைவிட எடுக்கப்போனதே அதிக ஆபத்தாக முடிந்திருந்தது. எங்கள் துறையில் மூத்தவர்கள் இதை இன்னும் சொல்லிக்காட்டுவார்கள்.

ஆனால் கிருமி தொற்றிவிட்டால் அந்த வாதம் எடுபடாது. கிருமிகள் ஒயரின் மேல் பிசினைப் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிடும், மருந்து அந்தப் பிசினைத் தாண்டிப் போகாது. பெட்டி இருக்கும் இடத்தில் மட்டும்தான் சீழ் என்றாலும், பெட்டியும் ஒயரும் மொத்தமாக வெளியே வர வேண்டும். பெரியவருக்கு அதுதான். பெட்டிக்கு மேல் தோல் முதலில் சிவந்தது, பிறகு காகிதம் போல மெலிந்தது, ஒருநாள் சட்டையில் ஈரம் பட்டது. உள்ளே இருந்தவை இரண்டு ஒயர், வயது 19.

ஆரம்ப காலத்தில் எப்படி எடுத்தார்கள் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஒயரின் வெளி முனையில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கப்பியில் மாட்டி, எடைக்கல் தொங்க விடுவார்கள். கால் எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுவார்களே, அதே ஏற்பாடு. நாள்கணக்கில் அப்படியே படுத்திருக்க வேண்டும். சில சமயம் ஒயர் வரும். சில சமயம் உறை மட்டும் ரப்பர் மாதிரி நீண்டு அறுந்து, மீதி உள்ளே நிற்கும். சில சமயம் ஒயரோடு இதயச் சுவரும் இழுபட்டுக் கிழியும்.

இதை நினைத்துக்கொண்டால் என் மேசை புரிந்துவிடும். இழுப்பது என்றைக்குமே கஷ்டமில்லை, யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுக்கும்போது கூடவே வேறு எதுவும் வந்துவிடக் கூடாது, அதுதான் கஷ்டம். அதனால்தான் மேசை நிறைய இருக்கும் கருவிகளில் இழுப்பதற்கென்று உள்ளது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் பிடிக்க, பிரிக்க, தாங்க, காத்திருக்க.

அந்த ஒன்றின் பெயர் லாக்கிங் ஸ்டைலட். ஒயருக்குள் இருக்கும் உலோகச் சுருளின் நடுவே ஒரு நூல் போகிற அளவுக்கு வெற்றிடம் உண்டு. அதற்குள் மெல்லிய நீண்ட கம்பியை நுனிவரை செலுத்தி, உள்ளேயே பூட்டிவிடுவதுதான் யோசனை. ஒரு வகையில் கம்பி முழுக்க வலை சுற்றியிருக்கும். பூட்டினால் வலை விரிந்து உள்ளிருந்து நெடுகிலும் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வகை நுனிக்கு அருகில் மட்டும் கவ்வும். எப்படியானாலும், வெளியே கைப்பிடியை இழுத்தால் இழுப்பு நேராக நுனிக்கே போகும். நடுவில் உறை நீள்வதும் அறுவதும் குறையும். இது பரவலாகப் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் எடைக்கல் ஒழிந்தது.

இந்தக் கம்பியை உள்ளே விடுவதற்கு முன் ஒரு சின்னச் சடங்கு இருக்கிறது. முதலில் ஒயரைத் தசையோடு கட்டியிருக்கும் பழைய நூலை அறுக்க வேண்டும். திருகு வகை என்றால் அதைத் திருப்பிப் பின்வாங்க வைத்துப் பார்க்க வேண்டும். பழைய திருகுகள் பெரும்பாலும் அசையாது, ஆனாலும் கேட்டுப் பார்ப்பது மரியாதை. அப்புறம் பெட்டியில் மாட்டும் தலையை வெட்டி, உறையைக் கொஞ்சம் சீவி, சுருளின் வாயைத் திறந்து, அளவுக் கம்பிகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து எந்த ஸ்டைலட் பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒருமுறை சொதப்பியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. லீட் வெட்டுவதற்கென்றே ஒரு கட்டர் உண்டு, சுருளின் வாய் நசுங்காமல் வட்டமாக வெட்டும். டாக்டர் கை நீட்டியதும் பதற்றத்தில் நான் பக்கத்தில் இருந்த சாதாரணக் கத்திரியை வைத்துவிட்டேன். அவரும் திரையைப் பார்த்துக்கொண்டே வெட்டிவிட்டார். சுருள் வாய் சப்பையாக மூடிக்கொண்டது. எந்த அளவுக் கம்பியும் நுழையவில்லை. வேறு வழியில்லாமல் இன்னும் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எடுத்தோம். வெளியே இருக்கும் ஒயரே விரல் நீளம்தான். ஒவ்வொரு வெட்டும் அதில் கழியும், பிடி நழுவினால் மிச்சம் சிரைக்குள் போய்விடும். இரண்டாவது வெட்டில் வாய் திறந்துகொண்டது. அவர் ஒன்றும் திட்டவில்லை. "கத்திரியைத் தள்ளி வை" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை அந்த மேசையில் கத்திரிக்கு ஓரத்தில்தான் இடம்.

பூட்டியாகிவிட்டது. இப்போது இழுக்கலாம்தானே? கூடாது. ஒட்டியிருக்கும் இடங்களை முதலில் பிரிக்க வேண்டும். அதற்குத்தான் ஷீத், அதாவது ஒயரின் மேல் சட்டை போல ஏற்றிச் செலுத்தும் குழாய். ஒயரைத் தண்டவாளம் மாதிரி இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, குழாயை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். பழைய முறையில் ஒன்றுக்குள் ஒன்று போகும் இரட்டைக் குழாய். பாலிப்ரோப்பிலீன், டெஃப்லான், நுழைவாயிலுக்கு மட்டும் எஃகு. அளவைச் சொல்ல நாங்கள் ஃபிரெஞ்ச் கணக்கில்தான் பேசுவோம், 3 ஃபிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். முள்ளில் விழுந்த சேலையை எடுப்பது போல என்று எங்கள் சீனியர் ஒருவர் சொல்வார். ஒரு திருத்தம்: சேலையில் முள் எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். இங்கே எக்ஸ்ரே திரையில் ஒயர் தெரியும், குழாய் தெரியும், நார் தெரியாது, சிரைச் சுவரும் தெரியாது. கைக்கு மட்டும்தான் தெரியும்.

குழாய் நுனிவரை போய்ச் சேர்ந்ததும்தான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். பேன்ட் பாக்கெட்டின் அடியைப் பிடித்து இழுத்தால் பாக்கெட்டே புரண்டு வெளியே வருமே, அப்படித்தான் ஒயரை வெறுமனே இழுத்தால் இதயத்தின் மெல்லிய சுவர் உள்நோக்கிக் கூம்பாக எழும்பும். ரத்த அழுத்தம் சரியும், சுவர் கிழியவும் கிழியும். அதனால் குழாயின் வாயை நுனியைச் சுற்றிச் சுவருக்கு மிக அருகே கொண்டுபோய் நிறுத்துவார்கள். இப்போது ஒயரை இழுத்தால், சுவர் குழாயின் வட்ட விளிம்பில் வந்து முட்டி அங்கேயே நின்றுவிடும். இழுப்பு முழுக்க அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடும். நுனி மட்டும் விடுபடும். கவுண்டர் டிராக்‌ஷன் என்கிறார்கள். எதிர்ப்பிடி என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் பிளாஸ்டிக் குழாய், அதில் மோட்டாரும் இல்லை, கூர்மையும் இல்லை. இந்தத் துறையில் வந்த அத்தனை யோசனைகளிலும் இதற்கு மேலான ஒன்று இல்லை என்பேன்.

லேசர் ஷீத் வந்தபோது கிடைத்த பரபரப்பு எதிர்ப்பிடிக்குக் கிடைத்திருக்காது. 1997 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழாயின் வாயைச் சுற்றி வளையமாகக் கண்ணாடி இழைகள். அவற்றின் வழியாக 308 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் துடிப்புத் துடிப்பாக வரும். தொட்டுக்கொண்டிருக்கும் நாரை மட்டும் ஒரு துடிப்புக்கு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கரைக்கும், சூடு அதிகம் பரவாது. 1999-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், லேசர் இல்லாமல் 64 சதவீத ஒயர்கள் முழுதாக வந்தன, லேசரோடு 94 சதவீதம். அறையில் எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். மிதியை அழுத்தியதும் இயந்திரம் படபடவென்று ஒலிக்கும். நொடிக்கு ஒரு மில்லிமீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது. வழி திறப்பது லேசரின் வேலை, நம் வேலை அவசரப்பட்டுத் தள்ளாமல் இருப்பது என்று சொல்லித்தான் பழக்குவார்கள்.

லேசருக்கு ஒரு பலவீனம் உண்டு: சுண்ணாம்பு. கதிர் அங்கே போய் மோதி நின்றுவிடும். அந்த இடத்துக்குத்தான் சுழல் ஷீத். துப்பாக்கி விசை போன்ற கைப்பிடியை அழுத்த அழுத்த, குழாயின் எஃகு வாய் சுழன்று நாரை அறுத்துக்கொண்டு முன்னேறும். முதலில் வந்தவை ஒரே பக்கமாகச் சுழன்றன. பக்கத்து ஒயரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டுவிடும். பிறகு வந்தவை இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழலும். ஒயர் அறுந்து மிச்சம் உள்ளே நின்றுவிட்டால் தொடைச் சிரை வழியாக மேலே போய் சுருக்குப் போட்டுப் பிடித்து இறக்குவதும் உண்டு. கிணற்றில் விழுந்த வாளிக்குப் பாதாளக்கரண்டி போடுவது மாதிரி, என்ன, கிணறு துடித்துக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் முதல் மேசை. பெரியவர் பார்த்தது இரண்டையும்.

இரண்டாவது மேசையில் இருப்பது மேற்பெருஞ்சிரைக்காக. தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் ரத்தத்தைக் கொண்டுவந்து இதயத்தில் இறக்கும் சிரை அது, நீளம் 7 சென்டிமீட்டர் அளவு, சுவரோ மிக மெலிது. ஷீத் அங்கே வளைந்து திரும்ப வேண்டும். ஒட்டிய ஒயரைப் பிரிக்கும்போது சுவரும் கிழிந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஐரோப்பாவில் 19 நாடுகளில் 73 மருத்துவமனைகளைச் சேர்த்து எடுத்த கணக்கு ஒன்று 2017-ல் வந்தது. 3,510 பேரில் பெரிய சிக்கல் 1.7 சதவீதம், சிகிச்சையால் நேர்ந்த மரணம் 0.5 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் அந்தச் சின்ன எண்ணில் விழுபவருக்கு யோசிக்க நேரம் இருக்காது. அதனால் யோசிக்க வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே யோசித்து மேசையில் வைத்துவிடுகிறோம். நெஞ்செலும்பை அறுக்கும் ரம்பம், சிரைக் கவ்விகள், தையல் ஊசிகள், பக்கத்தில் ரத்தப் பைகள். நெஞ்சு முழுக்க மருந்து பூசி, உடனே திறக்கத் தயாராகத்தான் ஆரம்பிப்போம். 2016-லிருந்து ஒரு பலூனும் சேர்ந்திருக்கிறது. 80 மில்லிமீட்டர் நீளம். அதற்கான வழிகாட்டிக் கம்பியைத் தொடையிலிருந்து மேலே ஏற்றி முன்பே வைத்துவிடுவோம். சிரை கிழிந்தால் பலூனை அங்கே கொண்டுபோய் ஊத வேண்டியதுதான். ஓட்டையை உள்ளிருந்து அடைத்து, அறுவை மருத்துவர் நெஞ்சைத் திறந்து தைக்கும்வரை நேரம் வாங்கிக் கொடுக்கும். அது எதையும் குணப்படுத்தாது, விற்பது நேரத்தை மட்டும்தான்.

அன்று பெரியவருக்கு மேலறை ஒயர் அதிகம் அடம்பிடிக்காமல் வந்தது. கீழறை ஒயர் மேற்பெருஞ்சிரையில் நின்றுகொண்டது. லேசர் படபடத்தது, திரையில் ஷீத் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. டாக்டர் மிதியிலிருந்து காலை எடுத்தார். யாரும் பேசவில்லை. எக்கோ பார்ப்பவர் மட்டும் "கிளியர்" என்றார், இதயத்தைச் சுற்றி ரத்தம் கசியவில்லை என்று அர்த்தம். சுழல் ஷீத்தைக் கொடுத்தேன். விசையை இரண்டு முறை அழுத்தினார், நிறுத்தினார், கோணம் மாற்றினார், மறுபடி இரண்டு. நான் ஒயரின் கைப்பிடியைத் தளராமல், இறுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். இதயம் துடிப்பது அந்தக் கம்பி வழியாக என் விரலுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் நறுக்கென்று ஒரு சின்ன அதிர்வு, ஷீத் இறங்கியது. நுனியில் எதிர்ப்பிடி போட்டு, மெதுவாக, இன்னும் மெதுவாக. வந்துவிட்டது.

தட்டில் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஓர் உறை, பாம்புச் சட்டை போல. விரலால் தட்டினால் டொக்கென்றது. அவ்வளவும் அவர் உடம்பு 19 வருடமாகச் செய்த வேலை. நுனியில் அரிசி அளவுக்குச் சதை ஒட்டியிருந்தது. அதை வெட்டிக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பினோம்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். கழுத்தில் தற்காலிக ஒயர், அதன் மறுமுனையில் பெட்டியைத் தோளில் வைத்து ஒட்டியிருந்தார்கள். கிருமி அடங்கிய பிறகுதான் புதிது வைக்க முடியும். மனிதர் தெளிவாக இருந்தார்.

"எத்தனை சாமான் எடுத்தீங்க?" என்று கேட்டார். மறக்கவில்லை.

"முதல் மேசையில முக்கால்வாசி ஐயா."

"ரெண்டாவது?"

"பொட்டலம்கூடப் பிரிக்கல. திரும்ப அலமாரியில வச்சாச்சு."

"அதுல இருந்தது என்னன்னு சொல்லவே இல்லையே."

சொன்னேன். ரம்பத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் கை தன்னையறியாமல் நெஞ்செலும்புக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். அப்புறம், வியாழக்கிழமை இன்னொருத்தருக்கு இருக்கிறது என்றேன். "போய் அடுக்குங்க தம்பி" என்றார். "இந்தத் தடவை துணியைப் போட்டு மூடிருங்க."